அறுபத்தொன்பது இலட்சம்: 2019 இல் தெற்கு ஏன் கோட்டாபயவைத் தேர்ந்தெடுத்தது

## ஆய்வின் எல்லை

2019 நவம்பர் 16 அன்று நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 6,924,255 பேர் கோட்டாபய ராஜபக்சவுக்கு வாக்களித்தார்கள். செல்லுபடியான வாக்குகளில் அது 52.25 சதவீதம். மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2022 ஜூலையில் அவர் இராணுவ விமானத்தில் நாட்டை விட்டு வெளியேறினார். எரிவாயு சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், "அறுபத்தொன்பது இலட்சம்" என்பது அவருக்கு வாக்களித்தவர்களை இடித்துக்காட்டும் பேச்சாகிவிட்டது.

இடித்துக்காட்டலாம். ஆனால் அவ்வளவு பேர் எப்படி ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பது அதில் விளங்காது. நெல் விவசாயிகள், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள், ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், அரச ஊழியர்கள், சிறு கடைக்காரர்கள், முதல்முறை வாக்களித்த இளைஞர்கள் என்று பல தரப்பினர் அதில் இருந்தார்கள். இந்த ஆய்வு பெயர் குறிப்பிடப்படாத அந்த வாக்காளர்களைப் பற்றியது. பகிரங்க வாழ்வில் உள்ள தலைவர்களின் பெயர்கள் மட்டும் தேவைப்படும் இடங்களில் வரும்.

வடக்கிலும் கிழக்கிலும் நாம் அதே நாளில் நேர் எதிராக வாக்களித்தோம். அதனால் தெற்கின் முடிவை "இனவாதம்" என்று சொல்லிக் கடந்துபோகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இனவாதம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால், 2015 இல் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து நின்ற கம்பஹா மாவட்டம் 2019 இல் 59 சதவீத வாக்குகளைக் கோட்டாபயவுக்குக் கொடுத்தது ஏன் என்பதற்கு விடை கிடைக்காது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு மாவட்டத்து மக்கள் புதிதாக இனவாதிகள் ஆகிவிடுவதில்லை. இடையில் என்ன நடந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

## பின்னணி: 2015 இல் வைத்த நம்பிக்கை

2015 ஜனவரி 8 ஆம் திகதி மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீத வாக்குகளுடன் அப்போதைய ஜனாதிபதியும் கோட்டாபயவின் அண்ணனுமான மகிந்த ராஜபக்சவைத் தோற்கடித்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெருமளவில் அவருக்கு வாக்களித்தார்கள், உண்மை. ஆனால் சிங்கள மக்களிலும் ஒரு கணிசமான பகுதி ராஜபக்ச குடும்ப ஆட்சியில் களைத்துப்போயிருந்தது. 2013 ஓகஸ்டில் கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில் குடிநீர் கேட்டுத் தெருவுக்கு வந்த மக்கள்மீது இராணுவம் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். அப்போது பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய. அந்தப் பகுதி மக்களுக்கு இது மறந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் 2019 இல் அந்த மாவட்டம் அவரைத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய புதிர்.

நல்லாட்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்த அரசு தொடக்கத்தில் சொன்னதைச் செய்தது. பெற்றோல் விலை லீற்றருக்கு 150 ரூபாவிலிருந்து 117 ரூபாவாகக் குறைந்தது. அரச ஊழியர்களுக்குச் சம்பளம் கூடியது. ஏப்ரலில் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் நிறைவேறி ஜனாதிபதியின் அதிகாரங்கள் குறைக்கப்பட்டன, சுயாதீன ஆணைக்குழுக்கள் வந்தன. வெள்ளை வேனில் வந்து ஆட்களைக் கடத்துவார்கள் என்ற பயம் குறைந்தது. ஊடகக்காரர்கள் மூச்சுவிட்டார்கள்.

ஆனால் பதவியேற்று இரண்டு மாதம் ஆவதற்குள், பெப்ரவரி 27 அன்று, மத்திய வங்கி அரச கடன்பத்திரங்களை விற்றதில் பிணைமுறி மோசடி நடந்தது. திருடர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்ற அவர்களின் பெயர் அன்றோடு போயிற்று. பொருளாதாரத்தில் அதனால் வந்த இழப்பைவிட அந்தப் பெயர் போனது பெரிய இழப்பு என்பது என் கணிப்பு. அதற்குப் பிறகு அந்த அரசு எந்தக் கசப்பு மருந்தைக் கொடுத்தாலும், "நீங்கள் எடுத்துக்கொண்டதற்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்" என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது.

## கைச்செலவில் தெரிந்தது

2016 இல் சர்வதேச நாணய நிதியத்திடம் 1.5 பில்லியன் டொலர் கடன் திட்டம் ஒன்றுக்கு அரசு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 11 சதவீதத்திலிருந்து 15 ஆனது. 2016, 2017 வறட்சியில் நெல் விளைச்சல் விழுந்தது. 2017 இல் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனத்திடம் போனது. "நாட்டை விற்கிறார்கள்" என்று தெற்கில் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். 2018 மே மாதத்தில், உலகச் சந்தைக்கேற்ப உள்ளூர் விலையை மாற்றும் எரிபொருள் விலைச் சூத்திரம் வந்தது. பெற்றோல் 117 இலிருந்து 137 ஆனது. மண்ணெண்ணெய் 44 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 101 ரூபாவுக்குப் போனது. சிறு படகுகளில் கடலுக்குப் போகிற மீனவனுக்கு அது தாங்க முடியாத அடி. எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த மாதமே அதை 70 ரூபாவாகக் குறைத்தார்கள். ஆனால் தங்கள் வாழ்க்கையைத் தெரிந்தவர் எவரும் அரசில் இல்லை என்ற எண்ணம் அதற்குள் ஊன்றிவிட்டது.

2018 தொடக்கத்தில் ஒரு டொலர் 153 ரூபா அளவில் இருந்தது. ஆண்டு முடிவில் 182 ஐத் தாண்டியிருந்தது. இது நேரடியாகப் பால்மா விலையிலும் பஸ் கட்டணத்திலும் மருந்துச் சீட்டிலும் தெரிந்தது.

இத்தனைக்கும் அந்த அரசு செய்தவற்றில் பல தேவையானவை. அரசின் வருமானம் கூட வேண்டியிருந்தது, எரிபொருளை நட்டத்தில் விற்க முடியாது. ஆனால் அந்தச் சுமையை ஏன் சுமக்கிறோம், எப்போது இறக்குவோம் என்று யாரும் கிராமத்துக்குப் போய்ச் சொல்லவில்லை. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் மொட்டுச் சின்னத்துடன் வந்த ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன பெரும்பாலான சபைகளைப் பிடித்தது. அந்தக் கட்சி தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. தெற்கு இந்த ஆட்சியிலிருந்து விலகியது 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்கு ஓராண்டுக்கு முன்பே என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். குண்டுவெடிப்பு இல்லாவிட்டாலும் அடுத்த தேர்தலில் அரசு தோற்றிருக்கக்கூடும். எந்த வேட்பாளரிடம் தோற்றிருக்கும் என்பதுதான் வேறு கதை.

## இரண்டு தலைகள், 52 நாட்கள்

2018 ஒக்டோபர் 26 வெள்ளிக்கிழமை மாலை சிறிசேன தன் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கிவிட்டு, எவரைத் தோற்கடிக்க மக்கள் தனக்கு வாக்களித்தார்களோ அதே மகிந்தவைப் பிரதமராக்கினார். நவம்பர் 9 இல் பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றம் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது, 16 ஆம் திகதி ரணில் மீண்டும் பதவியேற்றார்.

கொழும்பில் இதை ஜனநாயகத்தின் வெற்றியாகக் கொண்டாடினார்கள். நீதிமன்றம் நின்று காட்டியது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் வெளியே இருந்து பார்த்த சாதாரண வாக்காளருக்குத் தெரிந்தது வேறு காட்சி: பாராளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் வீச்சு, நாற்காலி வீச்சு, ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்கள். அந்த வாரங்களில் மூன்று தரப்படுத்தல் நிறுவனங்களும் நாட்டின் கடன் தரத்தை இறக்கின. ரணில் திரும்பி வந்த பிறகும் ஜனாதிபதியும் பிரதமரும் பேசிக்கொள்ளவில்லை. பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படுவதில்லை. அது எவ்வளவு ஆபத்து என்று நான்கு மாதத்தில் தெரிந்தது.

## 2019 ஏப்ரல் 21

கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். உயிர்த்த ஞாயிறு காலையில் தற்கொலைக் குண்டுதாரிகள் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். இறந்தவர்களில் சிங்களக் கத்தோலிக்கரும் தமிழ்க் கிறிஸ்தவரும் வெளிநாட்டவரும் இருந்தார்கள். ஆலயத்துக்குக் குடும்பமாகப் போனவர்கள் என்பதால் குழந்தைகள் அதிகம்.

அடுத்த சில நாட்களில் வெளிவந்த செய்திதான் தேர்தலைத் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன். ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து முன்னெச்சரிக்கை வந்திருந்தது. ஏப்ரல் 11 திகதியிட்ட பொலிஸ் உள்ளகக் கடிதம் ஒன்றில் சந்தேக நபர்களின் பெயர்கள்கூட இருந்தன. ஜனாதிபதி தனக்குச் சொல்லப்படவில்லை என்றார். தாக்குதல் நடந்த அன்று அவர் சிங்கப்பூரில் இருந்தார். பிரதமர் தனக்கும் சொல்லப்படவில்லை என்றார். பாதுகாப்புச் செயலாளரும் பொலிஸ் மா அதிபரும் பொறுப்பை மற்றவர்கள்மேல் போட்டார்கள்.

இறந்த குழந்தையின் பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பது? நாட்டின் தலைவர்கள் அத்தனை பேரும் "எனக்குத் தெரியாது" என்று சொன்ன நாட்கள் அவை. பயங்கரவாதத்தைக் காட்டிலும் இந்தப் பதில்தான் மக்களை அதிகம் பயமுறுத்தியது. 30 ஆண்டு யுத்தத்தைப் பார்த்த நாட்டுக்குக் குண்டு புதிதல்ல. வீட்டுக்குக் காவல் இல்லை என்று வீட்டுக்காரனே கைவிரித்ததுதான் புதிது.

## அச்சம் எப்படிப் பரவியது

தாக்குதலுக்கு முன்பே முஸ்லிம் எதிர்ப்பு வேரூன்றியிருந்தது. 2014 இல் அளுத்கம, 2018 பெப்ரவரியில் அம்பாறை, மார்ச்சில் திகன என்று முஸ்லிம்கள்மீது தாக்குதல்கள் நடந்தன. அம்பாறையில் உணவில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்ற வதந்தி ஓர் உணவகத்தில் தொடங்கி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்படும்வரை போனது. பரிசோதனையில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. ஆனால் வதந்தி அதோடு நிற்கவில்லை.

2019 மே மாதத்தில் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஜூன் 3 இல் அமைச்சரவையிலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் தினமும் புதுக் கதை. சில தொலைக்காட்சிகள் அவற்றைச் செய்தியாகவே வாசித்தன. தமிழ் ஊடகங்களிலும் சில அதற்கு விலக்கல்ல.

இங்கே பொருளாதாரப் பயமும் பாதுகாப்புப் பயமும் ஒன்றாகக் கலந்தன. 2019 மே மாதத்தில் சுற்றுலாப் பயணிகளின் வருகை முந்தைய ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிட 70 சதவீதம் விழுந்தது. நீர்கொழும்பிலிருந்து ஹிக்கடுவை, மிரிஸ்ஸை வரை விருந்தகங்கள் காலி. அறை துடைக்கும் பெண், விமான நிலையத்துக்கு வாடகை ஓட்டுபவர், ஹோட்டலுக்கு மீன் கொடுப்பவர், கைத்தறி விற்பவர் எல்லாருக்கும் வருமானம் நின்றது. பலர் வங்கிக் கடனில் வாங்கிய வாகனங்களுக்குத் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள். "பாதுகாப்பு இல்லாமல் பொருளாதாரம் இல்லை" என்ற பிரசாரம் அவர்களிடம் கோஷமாகப் போய்ச் சேரவில்லை. அது அவர்களுடைய அந்த மாதத்து வரவுசெலவாகவே இருந்தது.

## இரு தரப்பும் எடுத்த முடிவுகள்

தாக்குதல் நடந்து ஒரு வாரம் ஆவதற்குள் கோட்டாபய தான் போட்டியிடப் போவதாகச் சொன்னார். கலைக்கப்பட்டதாகத் தான் கருதிய புலனாய்வு அமைப்பை மீண்டும் கட்டுவேன், தீவிரவாதத்தை ஒழிப்பேன் என்றார். ஓகஸ்ட் 11 இல் கட்சி அவரை முறைப்படி அறிவித்தது.

அவரைத் தெரிவு செய்ததில் தெளிவான கணக்கு இருந்தது. 19 ஆவது திருத்தத்தால் மகிந்த மூன்றாம் முறை நிற்க முடியாது. தம்பி அதுவரை ஒரு தேர்தலிலும் நின்றதில்லை, அதனால் "அரசியல்வாதி அல்லாதவர்" என்று காட்ட முடிந்தது. வியத்மக என்ற அமைப்பின் வழியாகப் பேராசிரியர்களையும் வைத்தியர்களையும் ஓய்வுபெற்ற படை அதிகாரிகளையும் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார். 2009 யுத்த வெற்றியும், 2010க்குப் பிறகு கொழும்பில் போட்ட நடைபாதைகளும் பூங்காக்களும் அவருடைய சான்றிதழ்கள். சொன்னால் செய்கிறவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்த நடைபாதைகளுக்காக வீடிழந்த கொழும்பின் ஏழைக் குடும்பங்கள் அந்தச் சான்றிதழில் இடம்பெறவில்லை.

அதோடு வாக்குறுதிகள்: வற் வரி 8 சதவீதம், நெல் விவசாயிக்கு இலவசப் பசளை, சம்பளத்தில் பிடிக்கும் வரி நீக்கம். பாதுகாப்பு ஒரு கையில், கைக்காசு மறு கையில்.

எதிர்த்தரப்பு செய்தது என்ன? ஐக்கிய தேசியக் கட்சி தன் வேட்பாளர் யார் என்று மாதக்கணக்கில் உள்ளுக்குள் சண்டை போட்டது. செப்டம்பர் 26 இல்தான் சஜித் பிரேமதாசவை அறிவித்தது. அவர் ஏழைகளுக்கு வீடு கட்டிய அமைச்சர், உழைப்பாளி. ஆனால் தோற்றுப்போன அரசின் அமைச்சரும் அவரே. "யார் பொறுப்பு" என்ற கேள்விக்கு அந்த அரசுக்குள் இருந்துகொண்டு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பாதுகாப்பை முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவிடம் ஒப்படைப்பேன் என்று கொழும்பு காலிமுகத்திடல் கூட்டத்தில் அறிவித்தார். என் பார்வையில் அது மற்றவரின் ஆடுகளத்தில் போய் ஆடியது. இராணுவத்தானைத்தான் கேட்கிறோம் என்றால், வாக்காளர் அசலையே எடுத்துக்கொள்வார்.

அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, மொட்டுக் கட்சியின் வரிக்குறைப்பு நாட்டைத் திவாலாக்கும் என்று தேர்தலுக்கு முன்பே பகிரங்கமாக எச்சரித்தார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் அதைச் சொன்னது எரிபொருள் விலைச் சூத்திரத்தைக் கொண்டுவந்த அமைச்சர், பிணைமுறி மோசடி நடந்த அரசின் அமைச்சர். சரியான எச்சரிக்கை, நம்பிக்கை இழந்த வாயிலிருந்து வந்தது. இந்தத் தேர்தல் முழுவதிலும் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது.

## வாக்காளரின் கணக்கு

வாக்காளருக்கு முன்னால் 35 பேரைக் கொண்ட நீளமான வாக்குச்சீட்டு இருந்தது. நடைமுறையில் தெரிவு இரண்டு. தெற்கின் ஒரு வாக்காளரின் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு இப்படி ஓடியிருக்கும்:

2015 இல் அதிகாரத்தைப் பங்கிடச் சொன்னோம். பங்கிட்டார்கள். பங்கிட்ட பிறகு எவரும் பொறுப்பெடுக்கவில்லை. விலை ஏறியது, யாரும் பதில் சொல்லவில்லை. குண்டு வெடித்தது, யாரும் பதில் சொல்லவில்லை. இவர் கண்டிப்பானவர், சில வேளை கொடூரமானவர் என்றும் சொல்கிறார்கள். ஆனால் எது நடந்தாலும் அது அவர் கையில்தான் நடக்கும். கேட்க ஓர் ஆள் இருக்கும்.

இதில் வெறுப்பு இல்லாமல் வாக்களித்தவர்களும் இருந்தார்கள், வெறுப்புக்காகவே வாக்களித்தவர்களும் இருந்தார்கள், இரண்டும் கலந்தவர்கள் அதைவிட அதிகம். மூன்றையும் இணைத்தது பொறுப்பெடுக்க ஓர் ஆள் வேண்டும் என்ற ஏக்கம். வெகுசனவாதத் தலைவர்கள் எங்கும் பிடித்துக்கொள்வது இந்த நரம்பைத்தான். நிறுவனங்கள் தோற்றதாகத் தெரியும்போது, நிறுவனங்களைத் திருத்துவதாகச் சொல்பவரைவிட நானே நிறுவனம் என்று சொல்பவர் தெளிவாகக் கேட்கிறார்.

எண்களும் இதற்குப் பொருந்துகின்றன. 2015 இல் மகிந்த பெற்றதைவிட 2019 இல் கோட்டாபய 11 இலட்சத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்றார். மாத்தறையிலும் ஹம்பாந்தோட்டையிலும் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அவருக்குப் போனது. ஹம்பாந்தோட்டை சஜித்தின் சொந்தத் தேர்தல் மாவட்டம். 83 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். சலிப்பில் வீட்டில் இருந்துவிட்டவர்களால் வந்த முடிவு அல்ல இது. மக்கள் வரிசையில் நின்று கொடுத்த முடிவு.

## அதே மனிதர், வேறு அனுபவம்

யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 83 சதவீதத்துக்கு மேல். வன்னியிலும் 80ஐத் தாண்டியது. மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை, நுவரெலியா எல்லாம் அவர் பக்கம். 22 தேர்தல் மாவட்டங்களில் இந்த ஆறைத் தவிர மற்ற 16 உம் கோட்டாபயவுக்கு.

வடகிழக்கு மக்கள் சஜித்தை நேசித்து வாக்களித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்து தமிழ்க் கட்சிகள் கையெழுத்திட்டு முன்வைத்த 13 கோரிக்கைகளை எந்தப் பெரிய வேட்பாளரும் ஏற்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். யுத்த முடிவில் சரணடைந்தவர்களைப் பற்றிக் கேட்டபோது, கடந்த காலத்தை விட்டு எதிர்காலத்தைப் பாருங்கள் என்ற தொனியில்தான் கோட்டாபயவின் பதில் இருந்தது. தெற்கு "சொன்னால் செய்பவர்" என்று பார்த்த அதே ஆளை இந்தத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கையில் ஒப்படைத்த ஆட்சியின் முகமாகப் பார்த்தார்கள். முஸ்லிம்களும் அளுத்கமவை மறக்கவில்லை. வாக்களிப்பு நாளன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன முஸ்லிம்களின் பஸ்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர்கள் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

மலையகத்தில் ஒரு பெரிய தொழிற்சங்கக் கட்சி கோட்டாபயவை ஆதரித்தும் நுவரெலியாவில் பெரும்பான்மை வாக்கு சஜித்துக்குப் போனது. தலைமை சொன்ன பக்கம் மக்கள் போகவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

இரு பகுதி மக்களும் பாதுகாப்பைத்தான் கேட்டார்கள். தெற்கு அரசு தன்னைக் காக்க வேண்டும் என்று கேட்டது, வடக்கு அரசிடமிருந்து தன்னைக் காக்க வேண்டும் என்று கேட்டது.

## அடுத்த மாதங்கள்

நவம்பர் 18 இல் அநுராதபுரத்தின் ருவன்வெலிசாய பௌத்த தாதுகோபத்தில் பதவியேற்றபோது, கோட்டாபய, சிங்கள மக்களின் வாக்கால் மட்டுமே வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்தது என்றும், தமிழரும் முஸ்லிம்களும் எதிர்பார்த்த அளவு சேரவில்லை என்றும் சொன்னார். தெற்கில் அந்த வாரங்களில் உற்சாகம் பொங்கியது. இளைஞர்கள் தங்கள் கைக்காசில் வர்ணம் வாங்கித் தெருச் சுவர்களில் சித்திரம் தீட்டினார்கள். வன்மத்தோடு வாக்களித்தவர்கள் செய்கிற வேலையல்ல அது. நாடு தங்களுடையது என்று நம்பியவர்கள் செய்தது.

டிசம்பரில் வற் வரி 8 ஆனது, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீங்கியது, சம்பள வரியும் அடுத்த மாதம் போனது. அரச வருமானம் 2020 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 9 சதவீதம் அளவுக்கு இறங்கியது; கொவிட் அதை மேலும் மோசமாக்கியது. அதே ஆண்டு தரப்படுத்தல்கள் விழ, வெளிநாட்டுச் சந்தையில் புதுக் கடன் எடுக்கும் வழி அடைபட்டது.

2020 ஓகஸ்ட் 5 பொதுத் தேர்தலில் 225 ஆசனங்களில் 145 மொட்டுக்கு. ஒக்டோபரில் 20 ஆவது திருத்தம் 19 இன் தடைகளை அகற்றியது. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தின் கண்ணீரையும் மருத்துவ ஆலோசனையையும் மீறி 2021 பெப்ரவரி வரை எரிக்கப்பட்டன.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடை செய்யப்பட்டது. தேர்தல் விஞ்ஞாபனத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறப் பத்தாண்டு என்று இருந்தது. இலவசப் பசளை கிடைக்கும் என்று வாக்களித்த விவசாயிக்கு விலை கொடுத்தாலும் பசளை இல்லை என்ற நிலை. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். ஆனால் முடிவை நிறுத்தும் பலமுள்ள ஒரு மேசையும் மிஞ்சியிருக்கவில்லை. நவம்பரில் தடையை நீக்கும்போது பெரும்போகம் பாழாகியிருந்தது.

## விளைவு

2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு இருப்பு 2022 ஏப்ரலில் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டதும் டொலர் இருநூறிலிருந்து வாரங்களில் 300ஐத் தாண்டியது. ஏப்ரல் 12 இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

மார்ச் 31 இரவு மிரிஹானவில் கோட்டாபயவின் வீட்டு முன் கூட்டம் கூடியது. ஏப்ரல் 9 இல் காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்தன. அங்கே நின்றவர்களில் அவருக்கு வாக்களித்தவர்கள் ஏராளம், அதைப் பலர் ஒலிவாங்கியில் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஜூலை 9 இல் ஜனாதிபதி மாளிகை மக்கள் கையில் விழுந்தது, 14 ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாக் கடிதம் வந்தது.

2023 ஜனவரியில் உயிர்த்த ஞாயிறு அலட்சியத்துக்காகச் சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பொருளாதாரச் சரிவுக்குக் கோட்டாபயவும் சகோதரர்களும் பொறுப்பு என்றும் தீர்ப்பளித்தது. 2019 இல் வாக்காளர் கேட்ட "யார் பொறுப்பு" என்ற கேள்விக்குப் பதில் கடைசியில் வந்தது நீதிமன்றத்திலிருந்துதான்.

2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்துடன் முன்னுக்கு வந்து, இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணிக்கையில் வென்றார். 2019 இல் அவர் பெற்றது 3.16. மொட்டுக் கட்சி வேட்பாளருக்கு இம்முறை 2.57. அதே வாக்காளர்கள்தான்.

## எது மாற வேண்டும்

முதலாவது, பாதுகாப்புச் சபையில் யார் உட்கார வேண்டும் என்பது ஜனாதிபதியின் மனநிலையைப் பொறுத்திருக்கக் கூடாது. பிரதமர் அழைக்கப்படாத அந்த மாதங்கள் சட்டப்படி நடக்க முடியாததாக இருந்திருக்க வேண்டும்.

வரிக்குறைப்பு போன்ற வாக்குறுதிகளுக்கு, இதனால் எவ்வளவு வருமானம் போகும், எதை வெட்டுவீர்கள் என்று கட்சி சாராத ஓர் அமைப்பு தேர்தலுக்கு முன்பே கணக்கு வெளியிட வேண்டும். மங்கள சமரவீரவின் எச்சரிக்கையை ஓர் அமைச்சரின் பேச்சாகக் கேட்காமல் அப்படியொரு அறிக்கையாகப் படித்திருந்தால் எல்லாரும் மனம் மாறியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. குறைந்தது பேச்சு வேறு இடத்தில் நடந்திருக்கும்.

அப்புறம், விலை ஏற்றும் அரசு அதை ஏற்றுவதற்கு முன் கிராமத்துக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெயை 101 ஆக்கிவிட்டு எதிர்ப்பைப் பார்த்து 70 ஆக்குவதைவிட, மீனவருக்கான மானியத்தை முதலிலேயே ஒதுக்கியிருந்தால் செலவும் குறைவு, கோபமும் குறைவு.

தமிழ், சிங்கள ஊடகங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிளிநொச்சித் தாய்மாரின் சாட்சியம் 2019 இல் சிங்கள வாக்காளரின் வீட்டுக்குப் போகவே இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தவித்த நீர்கொழும்பு மீனவரின் கதை நம் பத்திரிகைகளுக்கும் வரவில்லை. மொழிபெயர்த்து வெளியிடும் சிறு முயற்சிகள் 2022க்குப் பிறகு கூடியிருக்கின்றன. அவற்றுக்கு நிலையான நிதி வேண்டும்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை நீக்குவதாக 1994 இல், 2015 இல், 2024 இல் என்று வென்ற ஒவ்வொருவரும் வாக்குறுதி கொடுத்தார்கள். 2022 ஒக்டோபரில் வந்த 21 ஆவது திருத்தம் சில தடைகளை மீட்டது. பதவி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த நெருக்கடி வருவதற்கு முன் அதை நீக்குவதற்கான சட்டமூலத்தைப் பாராளுமன்றம் எடுக்க வேண்டும். நெருக்கடியின் நடுவில் அதை எந்த வாக்காளரும் கேட்க மாட்டார்.